எல் போர்டுக்கு எந்த கார்?

"பழசா ஒரு எண்ணூறு வாங்கிப் போடுங்க. இடிச்சாலும் மனசு வலிக்காது!"

எல்.எல்.ஆர். போட்ட பையனோ பொண்ணோ இருக்கிற வீட்டுக்கு எந்த மாமா வந்தாலும், காபி டம்ளரைக் கீழே வைக்கிறதுக்குள்ள இதைச் சொல்லிடுவார். திருவொற்றியூர்ல இந்த மாமாக்களுக்குப் பஞ்சமே இல்லை. 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு கம்பெனி இந்தப் பக்கம், எண்ணூர் லேலண்ட் அந்தப் பக்கம். தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு ஃபிட்டராவது இருப்பார். எல்லோருக்கும் கார் பத்தி ஒரு கருத்து இருக்கும். (எனக்கும் இருக்கு. மெக்கானிக்கல் படிக்கிறவன் சும்மா இருப்பானா?)

மாமா சொல்றதுல பாதி நியாயம்தான். புதுசா ஓட்டுறவங்க கேட்டுல உரசுவாங்க, தூண்ல இடிப்பாங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தைச் சாய்ப்பாங்க. அதுக்குப் புதுக் கார் வாங்கி, ஒவ்வொரு கீறலுக்கும் அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணுமா? வேண்டாம். செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக்தான் சரி. அதுல சந்தேகமே இல்லை.

ஆனா பாஸ், நாம ஓட்டிப் பழகப் போற ரோடு எது? எண்ணூர் விரைவுச் சாலை. ஒரு பக்கம் கடல், கல்லு கொட்டின கரை. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் ட்ரெய்லர்கள். அந்த ட்ரெய்லர் டிரைவருக்கு, இடது பக்கம் ஒட்டிப் போற சின்னக் கார் கண்ணாடியில தெரியவே தெரியாம போகலாம். இந்த ரோட்டுல "இடிச்சா பரவால்ல"ங்கிற கணக்கு கேட்டுல இடிக்கிறதுக்கு மட்டும்தான் செல்லும். ட்ரெய்லர்கிட்ட செல்லாது.

முதல்ல அந்த எண்ணூறு மேட்டரை முடிச்சுடுவோம். மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல. கடைசி வண்டி தயாரானது 2014 ஜனவரியில. இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. 2010 ஏப்ரல்ல சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தப்போ, 800 அந்த விதிக்குள்ள வரலை. அதனால இந்த நகரங்கள்ல விற்பனையையே நிறுத்திட்டாங்க. ஆக, சென்னையில புதுசா வாங்கி சென்னையிலேயே பதிவான எண்ணூறு எல்லாமே 15 வருஷத்தைத் தாண்டினதுதான். 15 வருஷம் ஆச்சுன்னா ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். முன்னாடி 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-ல 10,000 ஆச்சு. எஃப்.சி. காட்டுறதுக்காக டிங்கரிங், பெயின்ட், டயர்னு ஆகுற செலவு தனி. "சீப்பா வந்துச்சு"ன்னு வாங்குற வண்டி, அதுக்கப்புறம் சீப்பா இருக்காது.

சரி, பத்து வருஷப் பழசு வேற மாடல் வாங்கலாமேன்னா, இங்கதான் நம்ம மாமாக்களுக்குத் தெரியாத (தெரிஞ்சாலும் சொல்லாத) ஒரு சமாச்சாரம். 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவுல ஓடுற அஞ்சு சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோத விட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவங்க பாதுகாப்புக்கு அஞ்சுமே வாங்கின ஸ்டார்... பூஜ்யம்! இதுல போலோவை மட்டும் ரெண்டு ஏர்பேக்கோட திரும்ப மோத விட்டாங்க. நாலு ஸ்டார். ஒரே கார்தான், ஏர்பேக் மட்டும்தான் கூட.

அதுக்குப் பிறகு சட்டம் மெதுவா நகர்ந்துச்சு. 2019 ஏப்ரல்ல இருந்து தயாராகுற எல்லாக் கார்லயும் ஏ.பி.எஸ். கட்டாயம். 2019 ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் போடலைன்னா கத்துற அலாரம், வேகம் கூடினா கத்துற அலாரம் எல்லாம் கட்டாயம். முன் சீட்டு ரெண்டுக்கும் ஏர்பேக் 2022 ஜனவரியில இருந்து எல்லா மாடலுக்கும் வந்தது. இந்த லிஸ்ட்டைத் திரும்ப ஒரு தடவை படிங்க. ரிவர்ஸ் எடுக்கத் தடுமாறுறவங்க, பயத்துல பிரேக்கை ஒரே மிதியா மிதிக்கிறவங்க, பெல்ட்டை மறந்துடுறவங்க... எல்லாமே கத்துக்குட்டிக்காகவே எழுதின மாதிரி இல்லை? ஈர ரோட்டுல பதறி பிரேக்கை அழுத்தினா, ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில வீல் லாக் ஆகி, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராவே வழுக்கும். ஏ.பி.எஸ். இருந்தா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே திருப்ப முடியும். பழகின டிரைவர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பார். நமக்கு அது வரவே ரெண்டு வருஷம் ஆகும்.

அதனால என் ஒரே ரூல்: விளம்பரத்துல எல்லோரும் கிலோமீட்டரைப் பார்ப்பாங்க. நீங்க ஆர்.சி.யில "தயாரித்த மாதம், வருடம்"னு இருக்கிற வரியைப் பாருங்க. 7/2019-க்கு முன்னாடியா, பின்னாடியா? பட்ஜெட் இடிச்சா, மாடலை ஒரு படி இறக்குங்க, கிலோமீட்டரைக் கூட்டிக்குங்க, கீறலைப் பொறுத்துக்குங்க. இந்தத் தேதியை மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

சொல்றது ஈஸி. காசு குடுக்கிறவங்களுக்குத்தானே வலி? என் கிளாஸ்மேட் ஒருத்தி, காலடிப்பேட்டை. அவ பாட்டிக்கு வாரம் ரெண்டு நாள் ராயபுரம் பக்கம் டயாலிசிஸ். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. ஆட்டோவுக்கே மாசம் ஒரு தொகை போகுது. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலதான், ஆனா டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற பாட்டியால நடக்க முடியாது. அதனால அம்மாவும் பொண்ணும் சேர்ந்தே எல்.எல்.ஆர். போட்டாங்க. கார் தேடுற படலத்துல ஓசி டெக்னிக்கல் அட்வைசரா என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. மூணு வண்டி பார்த்தோம்.

முதல் வண்டி 2012 ஆல்டோ. ஒரே ஓனர், சின்னப் புள்ளை மாதிரி வச்சிருந்தார். அங்கிளுக்குப் பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு. விலையும் கைக்கு அடக்கம். ஆனா ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, அடிப்படை மாடல்ங்கிறதால பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. இடது பக்கக் கண்ணாடியே இல்லை! அந்தக் காலத்து அடிப்படை மாடல்கள் நிறைய அப்படித்தான் வந்துச்சு. இடது பக்கம் ஷேர் ஆட்டோவும் பைக்கும் புகுந்து போற டி.எச். ரோட்டுல, அந்தக் கண்ணாடி இல்லாம ஓட்டிப் பழகறது ஒரு கண்ணை மூடிட்டுப் பழகற மாதிரி. (வேற வழியே இல்லாம இந்த மாதிரி வண்டிதான் வாங்குறீங்கன்னா, முதல் நாளே ஜி.பி. ரோட்டுல ஒரு இடது கண்ணாடி வாங்கி மாட்டிடுங்க.)

ரெண்டாவது, 2018 வண்டி. வெள்ளை வெளேர்னு பளபளன்னு. மார்க்கெட் விலையை விட நல்லாவே கம்மி. சீட் கவர் புதுசு, ஃப்ளோர் மேட் புதுசு, உள்ளே செண்ட் வாசனை தூக்குச்சு. செண்ட் வாசனை தூக்கினாலே நம்ம மூக்கு உஷாராகணும். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில பழுப்பா ஒரு கோடு. சீட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டெல்லாம் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினா அந்தக் குழியில காய்ஞ்ச வண்டல், விரல்ல ஒட்டுற கறுப்புப் பிசுக்கு. நம்ம ஏரியாக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணி வீட்டுச் சுவர்ல எல்லாம் கறுப்புக் கோடு போட்டுட்டுப் போனது மறக்குமா? அது இந்த வண்டியிலயும் கையெழுத்துப் போட்டிருக்குன்னு எனக்குத் தோணுச்சு. விற்க வந்தவர்கிட்ட கேட்டேன். "மழையில நின்னுச்சு தம்பி, அவ்ளோதான்."

வெள்ளத்துல மூழ்கின வண்டி உடனே நிக்காது. இன்ஜினைக் கழுவி ஆயில் மாத்தினா ஓடும். ஆனா இந்தக் கால வண்டியில ஒயர்களைச் சேர்க்கிற கனெக்டர் டஜன் கணக்குல இருக்கு. உள்ளே போன ஈரம் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் திடீர்னு ஹெட்லைட் போகும், இன்னொரு நாள் ஸ்டார்ட் ஆகாது, ஏர்பேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். எந்த மெக்கானிக்காலயும் ஒரே இடத்தைக் காட்டி "இதான் ப்ராப்ளம்"னு சொல்ல முடியாது. பாட்டியை உட்கார வச்சு நடு ரோட்டுல வண்டி நின்னா? விட்டுட்டு வந்துட்டோம்.

மூணாவது, 2019 செப்டம்பர்ல தயாரான வேகன்ஆர். ரெண்டாவது ஓனர். 60 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினது. பின் பம்பர்ல ஆழமா கீறல், கதவுல ஒரு பள்ளம். ஆன்ட்டி முகம் சுருங்கிடுச்சு. "பார்க்கவே பழசா இருக்கேப்பா." ஆனா கார்ல பார்க்க வேண்டியது பெயின்ட் இல்லையே!

இங்கதான் உப்பு விவகாரம். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில அரிமானம்னு ஒரு பாடம், யூனிட் டெஸ்ட்டோட மறந்த பாடம், நினைவிருக்கா? இரும்பு துருப்பிடிக்கிறது ஒரு குட்டி பேட்டரி வேலை செய்யற மாதிரி. வெறும் தண்ணியை விட உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும். அதனால கடல் காத்துல துரு வேகமா ஓடும். கடற்கரையை ஒட்டின தெருவுல ராத்திரி முழுக்க நிக்கிற கார், தாம்பரத்துல நிக்கிற காரை விடச் சீக்கிரம் கிழவனாகும். மேல பாதிப்பு தெரியாது, பெயின்ட் காப்பாத்தும். தின்னுறது அடியில.

அதனால ஒரு ஐடியா. விற்கிறவர்கிட்ட, "வாட்டர் சர்வீஸ் செலவு என்னது சார்"னு சொல்லிப் பக்கத்து சர்வீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியைக் கூட்டிட்டுப் போங்க. ராம்ப்ல ஏத்தினதும், தண்ணி அடிக்கிறதுக்கு முன்னாடி கீழே போய் நிமிர்ந்து பாருங்க. ஃப்ளோர் தகடு, கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பாகம், வீலுக்குப் போற பிரேக் பைப், சைலன்சர். மேலாகப் பழுப்பா இருந்தா பயமில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டினா செதில் செதிலா உதிருதா, வேண்டாம். பிரேக் பைப்ல துருவேறி உப்பியிருந்தா பைப்பை மாத்தாம ஓட்டவே கூடாது. அடியில புதுசா கறுப்புக் கோட்டிங் அடிச்சு வச்சிருந்தா ஏன்னு கேளுங்க. அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை ஒரு துணியில சுத்தி, கதவோட அடிப்பக்கத்துல வச்சுப் பாருங்க. தகடா இருந்தா ஒட்டும். துரு ஓட்டையைப் பட்டி பார்த்து மறைச்சிருந்தா வழுக்கி விழும்.

அந்த வேகன்ஆர் கொளத்தூர்க்காரரோடது. அடி சுத்தம். கதவுப் பள்ளத்துக்கு நாங்க விலையைக் குறைச்சோம். (பள்ளத்தை இன்னும் சரி பண்ணலை. "எப்படியும் நாங்க இன்னும் நாலு போடுவோம்"ங்கிறது ஆன்ட்டி தரப்பு.)

இந்த மாடல் மோதல் டெஸ்ட்டுல புலின்னு நான் சொல்லலை. 2019-ல வாங்கினது ரெண்டு ஸ்டார்தான். 2020 டெஸ்ட்டுல டியாகோ நாலு ஸ்டார். நான் மட்டும் ஓட்டுறதுன்னா டியாகோ பக்கம்தான் போயிருப்பேன். ஆனா பாட்டியை உட்கார வச்சுப் பார்த்தோம். முட்டி மடக்காம, நின்ன வாக்குல பின்னால சாய்ஞ்சா சீட்டுல உட்காரலாம், வேகன்ஆர்ல சீட் அவ்வளவு உசரம். தாழ்வான சீட்டுல இருந்து அவங்களை ரெண்டு பேர் தூக்கணும். குடும்பத்துக் கார்னா பின் சீட்டுல யார் உட்காருவாங்கன்னு பார்த்துத்தான் வாங்கணும். அங்கிள் ஆல்டோவுக்கும் இதுக்கும் இருந்த விலை வித்தியாசத்தைப் பார்த்து ரெண்டு நாள் யோசிச்சார். ஆன்ட்டி சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தாங்க. முடிஞ்சது.

புதுசா ஓட்டுறவங்களுக்கு அந்த உசரம் இன்னொரு விதத்துலயும் உதவும். பெரிய கண்ணாடி, குட்டை மூக்கு. பானட் எங்கே முடியுதுன்னு ஊகிக்க வேண்டாம். ஸ்விஃப்ட் பார்க்க ஸ்டைல்தான், நமக்கெல்லாம் கனவுதான். ஆனா அதோட பின் கண்ணாடி சின்னது, பின் பக்கத் தூண் தடி. திரும்பிப் பார்த்தா பாதி உலகம் மறைஞ்சுடும். ஓட்டிப் பார்க்கும்போது வேகம் எவ்வளவு எடுக்குதுன்னு பார்க்கிறதை விட, கழுத்தைத் திருப்பி எவ்வளவு தெரியுதுன்னு பாருங்க. ஆட்டோமேட்டிக்கா, கியர் வண்டியான்னு கேட்டா, என் ஓட்டு கியருக்கு. ஒரு தடவை பழகிட்டா எந்த வண்டியையும் எடுக்கலாம். டீசல் வேண்டவே வேண்டாம், நாம ஓட்டற தூரத்துக்கு அது கட்டுப்படியாகாது. கடை மூடிட்டுப் போன கம்பெனி வண்டிகள், அதாவது 2017-ல போன செவர்லே, 2021-ல போன ஃபோர்டு, விலை மலிவா கிடைக்கும். நல்ல வண்டிகள்தான். ஆனா கத்துக்குட்டி அடிக்கடி உடைக்கிறது பம்பர், கண்ணாடி, லைட். அதுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப்பேட்டையில அலையத் தெம்பு இருந்தா எடுங்க.

கிளட்ச் டெஸ்ட் ஒண்ணு இருக்கு. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்து, மூணாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் திணறி ஆஃப் ஆகணும். ஆகாம ஓடிக்கிட்டே இருந்தா கிளட்ச் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். நாம எப்படியும் ஒரு கிளட்சைத் தேய்க்கத்தான் போறோம், ஆரம்பமே தேய்ஞ்சதா வேணாம். அப்புறம் சாவியை ஆன் பண்ணினதும் மீட்டர்ல ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிஞ்சு, சில விநாடியில அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா இன்னும் மோசம்: கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக்குக்காகத்தானே 2019 தேடினோம், அது உயிரோட இருக்கான்னு பார்க்காம வரலாமா?

டயர் பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் ரொம்பப் பழசுன்னா ரப்பர் இறுகி, மழையில பிடிமானம் இருக்காது. முன் இடது சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்துல மேட்டைத் தூக்கிப் பாருங்க. ஓட்டை போட்டு அடைச்ச தடம் இருந்தா அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. ரெண்டாவது செட் பெடல் இருந்த இடம் அது. நமக்கு முன்னாடி எத்தனை பேர் அதுல கத்துக்கிட்டாங்களோ!

அந்த ரெண்டாவது பெடல் நம்ம வண்டியில இருக்காதுங்கிறதுதான் அடுத்த விஷயம். எல்.எல்.ஆர். வச்சிருக்கிறவர் ஓட்டும்போது, லைசென்ஸ் உள்ள ஒருத்தர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்துல உட்கார்ந்திருக்கணும்னு விதியே சொல்லுது. இடது சீட்டுல உட்காருற அப்பாகிட்ட இருக்கிற ஒரே ஆயுதம், நடுவுல இருக்கிற ஹேண்ட் பிரேக். அதனால வாங்குறதுக்கு முன்னாடி, இடது சீட்டுல உட்காரப் போறவரே அதை இழுத்துப் பார்க்கட்டும். மேம்பாலம் ஏத்தத்துல வண்டியை நிறுத்தி, ஃபுட் பிரேக்கை விட்டு, ஹேண்ட் பிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்குதான்னு பாருங்க. உச்சி வரைக்கும் இழுத்தாத்தான் பிடிக்குதுன்னா, முதல்ல அதை டைட் பண்ணிட்டு அப்புறம் கத்துக்கலாம்.

பேப்பர் வேலை போர், வேகமா முடிக்கிறேன். எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டா கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ் தெரியும், இ-சலான் பாக்கியும் பார்த்துக்கலாம். கடன் இருந்தா பேங்க்ல என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்காம காசு கொடுக்காதீங்க. பெயர் மாத்த ஃபார்ம் 29, 30. வாங்குறவர் 30 நாளைக்குள்ள மாத்தணும். இன்ஷூரன்ஸை 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் அவரோட போயிடும், அது உங்களுக்குக் கிடைக்காது. இதுல லேட் பண்ணிட்டு ட்ரெய்லரோட உரசினா, அப்புறம் யார் பேருக்கு க்ளெய்ம்?

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல் போர்டு. கடையில விற்கிற குட்டி ஸ்டிக்கரை நம்பாதீங்க. விதிப்படி வெள்ளைப் பலகை 18 சென்டிமீட்டர் சதுரம், சிவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், முன்னாடியும் பின்னாடியும். கிளாஸ்மேட் வீட்டுல ரெக்கார்டு நோட்டு அட்டையைக் கிழிச்சு வெட்டி, ஸ்கேல் வச்சு வரைஞ்சு ஒட்டியிருக்காங்க. ட்ரெய்லர் டிரைவர் கண்ணுக்கே தெரியற மாதிரி, கொஞ்சம் பெருசாவே!